வாக்கப்படாத போன்

"அண்ணே, நெட்ல பேசுற கார்ட்லெஸ் போன் இருக்கா?"

"எந்த நெட்டு தம்பி?"

"வீட்டுக்கு ஃபைபர் போட்டிருக்கோம்ணே."

"அதுக்கு எதுக்கு நெட் போன்? சாதா கார்ட்லெஸ்ஸே போதுமே!"

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இப்படிப் பதில் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் வாங்க வந்தவர் கும்பிட மாட்டார். மூன்று ராத்திரி கண்விழித்து ஐபி போன், வைஃபை போன், அது இது என்று படித்துத் தள்ளிவிட்டு வந்திருப்பார். "சாதா போதும்" என்றதும் முகம் சுருங்கிவிடும். இந்த ஆளுக்கு விஷயம் தெரியவில்லை என்று முடிவு கட்டி அடுத்த கடைக்குப் போவார். அடுத்த கடைக்காரருக்கு விஷயம் நன்றாகவே தெரியும். விற்கிற விஷயம் :)

முதல் கடைக்காரர் சொன்னதுதான் சரி. ஏன் சரி என்பதற்கும், அவரும் சொல்லாமல் விட்ட ஒன்றிரண்டு சமாச்சாரங்களுக்கும்தான் இந்தப் பதிவு.

இந்தக் காலத்தில் கார்ட்லெஸ் போன் யாருக்கு வேண்டும், ஆளுக்கொரு மொபைல் இருக்கிறதே என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். அந்தக் கேள்வி நியாயமானது, பதில் பின்னால் வருகிறது. இப்போதைக்கு ஒரு வீட்டை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பழைய வீடு. நீளமான ரேழி, கூடம், பின்கட்டில் சமையலறை. பிள்ளைகள் பெங்களூரிலும் டொராண்டோவிலும். வீட்டில் இருப்பது எழுபதைத் தாண்டிய அம்மா, முழங்கால் வலியோடு. போன் ஹாலில் இருக்கிறது. மணி அடிக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வருவதற்குள் மணி நின்றுவிடுகிறது. டொராண்டோவில் இருப்பவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. மறுபடி அடிக்கிறான். இந்த முறை அம்மா வேகமாக வரப் பார்க்கிறாள். வயதானவர்கள் வீட்டுக்குள் வழுக்கி விழுவது இப்படிப்பட்ட அவசரத்திலும் நடக்கும். அந்தப் பத்தடி ஓட்டத்தை இல்லாமல் ஆக்கத்தான் கார்ட்லெஸ் போன். மற்ற எல்லா வசதியும் அதற்குப் பிறகுதான்.

சரி, விஷயத்துக்கு.

கார்ட்லெஸ் போன் என்பது ஒன்றல்ல, இரண்டு. கையில் இருக்கும் ஹேண்ட்செட், மேசையில் இருக்கும் பேஸ். ஹேண்ட்செட்டுக்கும் பேஸுக்கும் நடுவில் நடப்பது ரேடியோ. பேஸுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நடப்பது வேறு கதை. அங்கேதான் செம்புக் கம்பியா, இணையமா என்ற கேள்வி வருகிறது. வாங்குபவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பணம் வீணாகிறது. கம்பியில்லாமல் பேச வேண்டும் என்பது ஒரு தேவை. இணையம் வழியாகப் பேச வேண்டும் என்பது இன்னொரு தேவை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் திணித்து விற்பது கம்பெனிக்கு லாபம். வாங்குபவருக்கு லாபமா என்பதைக் கொஞ்சம் பழைய கதையைக் கிளறிப் பார்த்தால் தெரியும்.

2003-ல் ஸ்கைப் வந்தது. 2005-ல் ஈபே அதை வாங்கியது, 2011-ல் 8.5 பில்லியன் டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. நடுவில், 2000-களின் பிற்பாதியில், ஸ்கைப்புக்கென்றே கார்ட்லெஸ் போன்கள் கடைக்கு வந்தன. பிலிப்ஸ் விஓஐபி841 என்று ஒரு மாடல், நெட்கியரில் சில மாடல்கள். கம்ப்யூட்டரைப் போடாமலேயே ஸ்கைப்பில் பேசலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். அமெரிக்காவில் பிள்ளைகள் இருந்த வீடுகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் "ஹலோ... கேக்குதா... கேக்குதா" என்று கத்திக்கொண்டிருந்த காலம் அது. சாதாரண போன் மாதிரி எடுத்துப் பேசலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஸ்கைப் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டே வந்ததில் அந்த மாதிரிக் கருவிகள் பலவும் வழியிலேயே செயலிழந்தன. மிச்சம் மீதி இருந்ததற்கும் 2025 மே 5-ஆம் தேதி முற்றுப்புள்ளி வைத்தாயிற்று. ஸ்கைப்பையே மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. போனில் ஒரு கோளாறும் இல்லை. பட்டன் வேலை செய்கிறது, திரை எரிகிறது, பேட்டரி புதிதாகப் போட்டால் போதும். ஆனால் பேச முடியாது. வாக்கப்பட்ட இடம் காலி.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. பிலிப்ஸ் 841-ன் பேஸில் இணையத்துக்கு ஒரு ஓட்டை, சாதாரண லேண்ட்லைனுக்கு ஒரு ஓட்டை என்று இரண்டு இருந்தன. ஸ்கைப் போனாலும் அந்த இரண்டாவது ஓட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுமைக்காகக் கொடுத்த காசு போயிற்று. பழைய, அலுப்பான, யாரும் விளம்பரத்தில் பேசாத அந்தச் சின்னச் சதுர ஓட்டைதான் நிலைத்தது.

இன்னொரு கதை இதைவிடச் சோகம். அமெரிக்காவில் சன்ராக்கெட் என்று ஒரு கம்பெனி. வோனேஜுக்கு அடுத்தபடியாக இணையத் தொலைபேசியில் பெயர் வாங்கியது. வருடத்துக்கு 199 டாலரை மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் அளவில்லாமல் பேசலாம் என்பது அவர்களின் திட்டம். 2 லட்சத்துக்கும் மேல் வாடிக்கையாளர்கள். 2007 ஜூலையில் திடீரென்று கடையை மூடினார்கள். முந்தின வாரம் 199 டாலர் கட்டியவர் கதியை நினைத்துப் பாருங்கள். கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் அந்த முன்பணம் ஒரு கடன். கம்பெனி முழுகும்போது பிணை இல்லாத கடன்காரர்கள் வரிசையின் கடைசியில் நிற்பார்கள் என்பது பி.காம். படிக்கும் யாருக்கும் தெரியும். பரீட்சைக்காகப் படித்தால் அது அஞ்சு மார்க் கேள்வி. அந்த வரிசையில் நிற்கும்போதுதான் அது பணம்.

ஆக, கணக்கு பாஷையில் சொன்னால் விஷயம் சுலபம். போன் ஒரு சொத்து. பத்து வருடம் உழைக்கும். சேவை ஒரு செலவு. எப்போது வேண்டுமானாலும் நிற்கும், விலை ஏறும், ஆள் மாறும். பத்து வருட ஆயுள் உள்ள சொத்தை மூன்று வருட ஆயுள் உள்ள சேவையோடு ஒட்டி வாங்கினால் அந்தச் சொத்தின் ஆயுளும் மூன்று வருடம்தான். தேய்மானத்தை அப்படித்தான் போட வேண்டும். கடையில் யாரும் அப்படிப் போட்டுக் காட்டுவதில்லை. எனவே யாருக்கும் வாக்கப்படாத போனாகப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அப்படியென்றால் பொது பாஷை பேசும் இணைய போனை வாங்கலாமே என்று ஒரு கட்சி சொல்லும். அந்தப் பொது பாஷையின் பெயர் எஸ்.ஐ.பி. (காமர்ஸ்காரர்கள் உடனே மியூச்சுவல் ஃபண்டுக்கு ஓட வேண்டாம். இது வேறு.) அழைப்பைத் தொடங்குவது, மணி அடிக்க வைப்பது, முடிப்பது ஆகியவற்றுக்கான திறந்த நெறிமுறை. 1999-ல் முதல் வடிவம், 2002-ல் இப்போது புழங்கும் வடிவம். கிகாசெட், யீலிங்க், கிராண்ட்ஸ்ட்ரீம் போன்றவர்கள் இதைப் பேசும் கார்ட்லெஸ் போன்களைத் தயாரிக்கிறார்கள். பேஸை நேராக ரவுட்டரில் செருக வேண்டியதுதான். கொள்கை அளவில் மிக நல்ல விஷயம். ஒரு சேவை மூடினால் இன்னொன்றுக்குப் போகலாம்.

நம்மூர் வீடுகளுக்கு இதில் ஒரு சிக்கல். எஸ்.ஐ.பி. போன் வேலை செய்ய ஒரு பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி வேண்டும். ஃபைபர் கம்பெனிகள் வீட்டு வாடிக்கையாளர்களுக்குப் பொதுவாக அதைக் கையில் கொடுப்பதில்லை. அந்த விவரங்கள் எல்லாம் அவர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும். பல மடங்கு விலை கொடுத்து ஐபி கார்ட்லெஸ் வாங்கி வந்து, செட்டிங் பக்கத்தில் மூன்று காலிக் கட்டங்களை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அலுவலகங்களுக்கும், வெளிநாட்டில் சொந்தமாக எஸ்.ஐ.பி. கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் அது சரிப்படும். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அது ஆடம்பரம்.

அந்த ஃபைபர் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் நிறத்திலோ கறுப்பிலோ நாலு பெரிய ஓட்டைகள் இருக்கும், அவை கம்ப்யூட்டருக்கு. பக்கத்தில் கொஞ்சம் சின்னதாக ஒன்று, டெலிபோன் படம் போட்டு. ஆர்ஜே-11 என்று பெயர். ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் என்று எந்த ஃபைபரானாலும் பெரும்பாலான பெட்டிகளில் இது உண்டு. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வந்தபோது லேண்ட்லைன் பேச்சு இலவசம் என்று சொன்னது இந்த ஓட்டையைத்தான். இதில் 1990-களில் வாங்கிய போனைச் செருகினாலும் பேசும். போனுக்குத் தான் இணையத்தில் பேசுகிறோம் என்பதே தெரியாது. குரலை எண்ணாக மாற்றுவது, பொட்டலமாகக் கட்டி அனுப்புவது எல்லாம் பெட்டியின் வேலை. அதாவது, இணையத் தொலைபேசி வாங்குவது எப்படி என்று தேடிக்கொண்டிருக்கும் பாதிப் பேர் வீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது; மேலே தூசி மட்டும் தட்ட வேண்டும்.

பெட்டியில் அந்த ஓட்டை இல்லாதவர்களுக்கும், சொந்தமாக எஸ்.ஐ.பி. கணக்கு இருப்பவர்களுக்கும் தனி அடாப்டர் கிடைக்கிறது. கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 மாதிரி. ஒரு பக்கம் ரவுட்டர், மறுபக்கம் சாதா போன். இங்கேயும் அதே எச்சரிக்கைதான். லிங்க்சிஸ் பேப்2 என்ற அடாப்டர் ஒரு காலத்தில் இரண்டு விதமாக வந்தது. ஒன்று வோனேஜுக்கு மட்டும் பூட்டியது. இன்னொன்று, பெயருக்குப் பின்னால் என்ஏ என்று இரண்டெழுத்து சேர்ந்தது, பூட்டாதது. உருவத்தில் அச்சு அசல். விவரம் தெரியாமல் பழைய விலைக்குப் பூட்டியதை வாங்கி ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். அடாப்டர் வாங்கினால் எந்தக் கம்பெனிக்கும் பூட்டப்படாதது என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா பாருங்கள். விலை குறைவாக இருந்தால் இரண்டு முறை பாருங்கள்.

இணைய வேகம் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சுருக்காத தரமான குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட். பொட்டலக் கட்டணம், அதாவது முகவரி, தலைப்பு எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 87. இந்தியாவில் 2004-ஆம் ஆண்டு கொள்கைப்படி 256 கிலோபிட் இருந்தாலே அதற்குப் பெயர் பிராட்பேண்ட். அன்றைக்கு ஒரு அழைப்பே இணைப்பில் மூன்றிலொரு பங்கைத் தின்றுவிடும். குரலைக் கசக்கிப் பிழிந்துதான் அனுப்ப வேண்டும். அப்படிப் பிழிந்த குரலில் கேஸ் புக்கிங்குக்கு "ஒன்றை அழுத்தவும்" என்றால் எதை அழுத்தினாலும் அந்த அம்மாவுக்குக் கேட்காது. இன்றைய ஃபைபரில் இது ஒரு பொருட்டே இல்லை. இப்போது பிரச்சினை வேகம் அல்ல, தாமதம். ஒரு பக்கக் குரல் மறுபக்கம் போய்ச்சேர 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லும்மா" என்று நாலு முறை நடக்கும். போனை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. விலை உயர்ந்த போன் என்றால் தெளிவாகக் கேட்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது ரேடியோ பக்கம். இங்கே பார்க்க வேண்டியது ஒரே சொல்: டெக்ட். 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உருவான தரம். 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை தனியாக ஒரு சந்து. வீட்டுக்குள் ஐம்பது மீட்டர் வரை எட்டும் என்பார்கள். நம்மூர்ச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம் என்றால் அதில் கழித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தரத்துக்கும் சென்னைக்கும் ஒரு உறவு உண்டு. செம்புக் கம்பி இழுக்க முடியாத கிராமங்களுக்குத் தொலைபேசி கொடுக்க ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு மைதாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1990-களில் உருவாக்கிய கார்டெக்ட், இதே டெக்ட் மேல் கட்டியதுதான். வீட்டுக்குள் பேச வந்த ரேடியோவை ஊருக்கே பேச வைத்தார்கள். அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.

டெக்ட் இல்லாமல் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் கார்ட்லெஸ் போன்கள் இந்தியாவில் நிறைய விற்றன. வேலை செய்யாமல் இல்லை. ஆனால் அது பஸ் ஸ்டாண்டு. வைஃபை அங்கேதான் நிற்கிறது, புளூடூத் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைகிறது. இணையத்துக்கு வைஃபை ஓடும் வீட்டில், அந்த ரவுட்டருக்குப் பக்கத்திலேயே 2.4 போனை வைத்தால் இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். பாட்டி போனை எடுத்ததும் பேரன் லேப்டாப்பில் படம் நிற்கிறது என்றால் பாட்டி ராசியில்லை என்று அர்த்தமில்லை. வைஃபையில் நேராகப் பேசும் கார்ட்லெஸ்களும் இதே கூட்டத்தில்தான் இடிபட வேண்டும்; பேட்டரியையும் வேகமாகக் குடிக்கும். டெக்ட் ஹேண்ட்செட் எடுக்காமல் வைத்தால் நாட்கணக்கில் தாங்கும்.

அமெரிக்காவிலிருந்து வரும் மாமா அன்போடு வாங்கி வரும் போனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்டி மேல் டெக்ட் 6.0 என்று இருக்கும். ஆறு என்பது பெரிய எண்ணாக இருப்பதால் ஏதோ புதிய தலைமுறை என்று தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை, விளம்பரப் பெயர். அமெரிக்காவில் இதற்கு ஒதுக்கியது 1920 முதல் 1930 வரை. உலகின் பெரும்பகுதியில் மொபைல் போன்கள் டவருக்குப் பேசும் பட்டை சரியாக அந்த 1920-ல்தான் தொடங்குகிறது. அந்த ஊரில் சரியான பொருள், மற்ற ஊரில் அடுத்தவர் வயலில் மேயும் மாடு. போதாததற்கு, அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம்ம 230-ல் செருகினால் ஒரு சின்னச் சத்தம், கொஞ்சம் புகை, மாமா ஊருக்குத் திரும்பும்வரை எல்லோரும் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பார்கள். அன்பளிப்பு வேண்டுமென்றால் சாக்லேட் போதும் மாமா.

ஒட்டுக்கேட்பது பற்றி யாராவது கேட்பார்கள். 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் டெக்ட் பேச்சை ஒரு மலிவான கார்டு வைத்துக் கேட்க முடியும் என்று காட்டினார்கள். பல போன்கள் பேச்சை மறைக்குறியீடே செய்யாமல் அனுப்பியது அப்போதுதான் வெளியே வந்தது. ஆனாலும் அதற்கு ஒருவர் கருவியோடு வீட்டு வாசலுக்கே வர வேண்டும். ஓடிபி கேட்டு வரும் அழைப்பு அந்தச் சிரமம் எல்லாம் படுவதில்லை.

இனி, ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணன் சொல்லாமல் விட்டது. கரண்டு.

பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன் ஏன் கரண்டு போனாலும் வேலை செய்தது என்று யோசித்ததுண்டா? அதற்கான மின்சாரம் அந்தக் கம்பியிலேயே வந்தது. எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி வரிசையாக வைத்திருப்பார்கள், அதற்குப் பின்னால் ஜெனரேட்டர். வீடு இருட்டில் கிடக்கும். போன் மட்டும் உயிரோடு இருக்கும். யாரும் அதை ஒரு வசதி என்று நினைத்ததே இல்லை. கண்ணாடி இழையில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. எனவே ஃபைபர் வந்த அன்றே அந்த வசதி சத்தமில்லாமல் போய்விட்டது. பில்லில் அப்படி ஒரு வரி இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை.

கார்ட்லெஸ் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். பெட்டிக்குக் கரண்டு வேண்டும், பேஸுக்கும் வேண்டும். ஹேண்ட்செட்டில் பேட்டரி முழுசாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பேஸ் செத்தால் ஹேண்ட்செட் வெறும் டார்ச் லைட். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த அளவு அழிவுக்கு எந்த ஏற்பாடும் தாங்காது. கம்பம் சாய்ந்தால் ஃபைபரும் சேர்ந்தே அறுந்துவிடும். ஆனால் சாதாரணமாக நடப்பது அதுவல்ல. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்டு இருக்காது. கோடையில் ராத்திரி ஒரு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கும். அம்மாவுக்கு மூச்சு முட்டுவதும் அந்த நேரமாகப் பார்த்துத்தான்.

எனவே ஐபி கார்ட்லெஸ்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் சாதா டெக்ட் போன் வாங்கியதுபோக மிஞ்சுவதை இங்கே கொட்டுங்கள். ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் விற்கிறது; பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும், அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும். சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடு என்றால் அதைவிடச் சுலபம்: பெட்டியும் பேஸும் இன்வெர்ட்டர் லைன் வரும் பிளக்கில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். பெட்டியை மாட்ட வரும் ஆட்கள் கைக்கு எட்டிய பிளக்கில் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். அது இன்வெர்ட்டர் பிளக்கா என்று கேட்க வேண்டியது வீட்டுக்காரர் வேலை. கரண்டு போனால் ஹேண்ட்செட்டைப் பேஸில் வைத்து அதன் பேட்டரியாலேயே பேஸை ஓட்டும் மாடல்கள் பானசோனிக்கில் உண்டு. இரண்டு ஹேண்ட்செட் உள்ள செட்டாக வாங்கினால் ஒன்றை வைத்து மற்றொன்றில் பேசலாம். இந்த ஒரு வசதிக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கலாம்.

வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் லைன் செத்தால் காரணம் நடுவில் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் ஃபைபரில் எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது வெளிச்சத்தைப் பிரிக்கும் ஒரு கண்ணாடித் துண்டு. அதற்குக் கரண்டே வேண்டாம். உள்ளூர் கேபிள்காரர் சிலரின் இணைப்பில் தெருமுனையிலோ அபார்ட்மென்ட் மாடிப்படிக்குக் கீழோ கரண்டில் ஓடும் ஸ்விட்ச் இருக்கும். அங்கே பேட்டரி இல்லையென்றால் வீட்டு யூபிஎஸ்ஸால் பிரயோஜனமில்லை. இணைப்பு வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை எம்பி என்பது மட்டுமல்ல.

மொபைல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு இப்போது வரலாம். வாட்ஸ்அப்பில் பேத்தியின் முகம் தெரிகிறது. கார்ட்லெஸ் போனில் தெரியாது. அதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். ஆனால் வாட்ஸ்அப்பிலிருந்து 108-ஐக் கூப்பிட முடியாது, தெருமுனை மருந்துக்கடையின் லேண்ட்லைனைக் கூப்பிட முடியாது. மொபைலில் சாதாரண அழைப்பு இருக்கிறதே என்றால், அந்த மொபைல் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தலையணைக்கு அடியில், சைலன்ட்டில், நாலு சதவீதம் சார்ஜில். ஒரு அப்டேட் வந்து பச்சைப் பட்டன் இடம் மாறினால் அன்றைக்கு முழுக்க அம்மா யார் அழைப்பையும் எடுக்க மாட்டாள். எடுக்கத் தெரியவில்லை என்று சொல்லவும் மாட்டாள், "வேலையா இருந்தேம்பா" என்பாள். கார்ட்லெஸ்ஸில் பட்டன் இடம் மாறாது. கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, கட்டில் பக்கம் ஒன்று என்று வைத்தால் எல்லாம் ஒன்றாக அடிக்கும்.

அதனால் கடையில் போனைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இணையத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளை அல்ல, அதைப் பிடிக்கப் போகிற கை. முடிந்தால் அம்மாவைக் கூட்டிப் போங்கள். எண் பட்டன் பெரிதா, இருட்டில் எரிகிறதா, கேட்கும் ஒலியைக் கூட்டும் பட்டன் பேசிக்கொண்டே விரல் படும் இடத்தில் இருக்கிறதா, மணிச் சத்தம் மிக்ஸி ஓடும்போது கேட்குமா? வாடிக்கையான எண்களை ஒரே பட்டனில் பதிய முடியுமா? உள்ளே போடும் பேட்டரி கடையில் கிடைக்கும் சாதாரண டிரிப்பிள் ஏ அளவு ரீசார்ஜபிள்தானா, இல்லை அந்தக் கம்பெனியே விற்கும் வினோத வடிவமா? பேட்டரிதான் முதலில் சாகும். அதிலும் வாக்கப்படாததாகப் பாருங்கள். நம்பர் தெரியும் வசதிக்கு எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் இரண்டும் போட்டிருந்தால் எந்தப் பெட்டியோடும் ஒத்துப்போகும். பதில் சொல்லும் மெஷின், பாலிஃபோனிக் ரிங்டோன், கலர் திரை எல்லாம் விலையை ஏற்ற.

பேஸை எங்கே வைப்பது என்பதில் ஒரு சோம்பேறித்தனம் நடக்கிறது. ஃபைபர் பெட்டி வாசல் பக்கம் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருந்தால் பேஸையும் அங்கேயே வைத்துவிடுவார்கள். பின்கட்டில் சிக்னல் வராது, போன் சரியில்லை என்று முடிவாகும். டெலிபோன் ஒயர் மீட்டர் கணக்கில் அற்ப விலை. இழுத்து வீட்டின் நடுவில் வையுங்கள். பழைய லேண்ட்லைன் ஓடிய ஒயர் சுவருக்குள் இன்னும் இருந்தால் இன்னும் நல்லது. வெளியிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியை முதலில் கழற்றிவிட்டு, ஃபைபர் பெட்டியிலிருந்து அந்த ஒயருக்கு இணைப்புக் கொடுத்தால், முன்பு போன் இருந்த அதே மேசையில் அதே இடத்தில் மணி அடிக்கும். கம்பியைக் கழற்றாமல் இணைக்கக் கூடாது, இரண்டு பக்க மின்னழுத்தமும் மோதி ஃபைபர் பெட்டி கெட்டுவிடும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் டொராண்டோவுக்குப் போட்டு "கேக்குதா" என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அம்மாவைப் பின்கட்டில் உட்கார வைத்து, அவர் கையில் ஹேண்ட்செட்டைக் கொடுத்து, தெருவில் நின்றுகொண்டு உங்கள் மொபைலிலிருந்து வீட்டு நம்பருக்கு அடித்துப் பாருங்கள். எத்தனை மணியில் எடுக்கிறார் என்று எண்ணுங்கள்.